போய்ப் பார்த்துவிட்டுத் தைக்கிறவள்

"படம் கெடக்கட்டுங்கண்ணா. நெசத்தப் பாத்தீங்களா?"

எந்த டிசைனைக் கொண்டுபோய் வைத்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாடிக்கையாளர் போனில் படம் அனுப்பிவிட்டார், சாயங்காலத்துக்குள் தைத்துத் தரச் சொல்லிவிட்டார், இதில் நிஜம் என்ன பொய் என்ன என்று கத்துவேன். அவள் பதிலுக்குக் கத்த மாட்டாள். அதற்கும் சேர்த்துத் தெம்பு இல்லாதவள்போல ஒரு தரம் கண்ணை மூடித் திறப்பாள். பிறகு, "போயிப் பாத்துட்டு வந்தர்றேனுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. நான் கூப்பிட்டது அம்மிணி என்றுதான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவளைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. கடைசியாக வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் இந்த மலைக்கு ஏறி வரவே இல்லை.

மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் தையல் கடை. முன்பாதியில் துணி வெட்டும் மேசை, பின்பாதியில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின். அது தைக்கிறதைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். ஊசி தானே போகிறது, தானே வருகிறது, தானே கலர் மாற்றுகிறது என்று வாயைப் பிளப்பார்கள். உண்மையில் அது ஒன்றும் தானே செய்வதில்லை. ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய்ந்து ஓட வேண்டும், எவ்வளவு நெருக்கம், எது முதலில், எது அதன் மேல் என்று ஒவ்வொரு குத்தையும் யாராவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போட்டுத் தர வேண்டும். தொழிலில் இதைப் பஞ்சிங் என்பார்கள். அம்மிணி பஞ்சிங் போடுகிறவள். மலையடிவாரத்தில் முள்ளுக்குறிச்சியில் வீடு. வாரத்தில் இரண்டு நாள் காலை பஸ்ஸில் மேலே வந்து, சாயங்கால பஸ்ஸில் கீழே போவாள்.

வயது முப்பது இருக்காது. ஆனால் காலையில் வரும்போதே சாயங்கால முகத்தோடு வருவாள். பஸ் வளைவுகள் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்துகொண்டே இறங்குவாள். கடைக்குள் வந்ததும் சுவரில் தலையைச் சாய்த்துப் பத்து நிமிஷம் தூங்குவாள். யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சமே இல்லை. பத்து நிமிஷம் ஆனதும் யாரும் எழுப்பாமல் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "சரிங்கண்ணா, காட்டுங்க" என்பாள். காட்டினால் மேலே சொன்ன கேள்வி வரும்.

ஒரு தரம் மிளகு, பலாப்பழம் வாங்கி விற்கிற சங்கத்துக்காரர்கள் நாற்பது பனியனில் பலாப்பழம் போட்டுத் தரச் சொன்னார்கள். அன்றைக்கு அவள் வருகிற நாள் இல்லை. எங்கள் சாஃப்ட்வேரில் ஆட்டோ என்று ஒரு பொத்தான் உண்டு. படத்தை உள்ளே விட்டு அதை அமுக்கினால் தையல் குத்துகளாக அதுவே மாற்றிக் கொடுத்துவிடும். எனக்கு அந்தப் பொத்தான்மேல் ஒரு மோகம். நான் படித்தது எட்டாவது. என்னை ஒரு ஆளாக மதித்துக் கேள்வி கேட்காமல் வேலை செய்கிற ஒன்றின்மேல் மோகம் வராமல் இருக்குமா?

அமுக்கினேன். படத்தில் பலாப்பழத்துக்கு எத்தனை முள் இருந்ததோ அத்தனை முள்ளையும் அது தைத்தது. ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு நிழல், அதற்கும் தனி நூல். முக்கால் மணி நேரம் ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி, கடைசியில் பனியனை ஃப்ரேமிலிருந்து கழற்றினால் பலாப்பழம் மட்டும் தனியாக என் கையில் வந்தது. பனியனில் பலாப்பழம் அளவுக்கு ஓர் ஓட்டை. என் பெண்டாட்டி சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் அம்மிணி வந்து ஓட்டையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சந்தைக்குப் போய் ஒரு நிஜப் பலாப்பழத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தாள். பார்த்தாள் என்றால், பத்தடி தூரத்தில் தள்ளி நின்று பார்த்தாளாம், டீக்கடைக்காரர் சொன்னார்.

"பனியன் நெஞ்சில இருக்கறத எதுக்க வர்றவங்க அத்தன தூரத்துல இருந்துதான் பாப்பாங்க. அங்கிருந்து பாத்தா முள்ளே தெரியலீங்கண்ணா. சொரசொரன்னு ஒரு பச்ச, அவ்வளவுதான் தெரியுது."

குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் தையல்தான் போட்டாள். துணி கையில் மெத்தென்று இருந்தது. சங்கத்துக்காரர்கள் பார்த்ததும் பலாப்பழம் என்றார்கள். எதைப் போடுவது என்பது அந்தப் பொத்தானுக்கு நன்றாகத் தெரியும். எதை விடுவது என்பதுதான் தெரியாது. எனக்கும் தெரியாது என்பதை அன்றைக்கே ஒத்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்றும் செய்வாள். கம்ப்யூட்டரில் வட்டம் வேண்டிய இடத்தில் முட்டை வரைவாள். முதல் தரம் பார்த்தபோது, பஸ் மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்தேன். மிஷினில் ஓட்டினால் துணியில் வட்டமாக வந்தது. நூல் துணியை இழுக்கும், எவ்வளவு இழுக்கும் என்பது துணிக்குத் துணி வேறு, அதற்குத் தகுந்தபடி முன்கூட்டியே கோணலாக வரைந்து வைக்க வேண்டும். அதற்காகத் துணியை விரலில் சுற்றி இழுத்துப் பார்ப்பாள், கசக்குவாள், கன்னத்தில் தேய்ப்பாள். தைத்து முடித்ததன் உள்பக்கத்தைத் தன் முழங்கையின் உள்புறத்தில் தேய்த்துப் பார்ப்பாள். சிவந்தால் பிரித்துவிடச் சொல்வாள். அந்த இடத்தில் எப்போதும் அவளுக்குக் கீறலும் தடிப்புமாக இருக்கும். கல்யாணப் பெண்ணுக்கு என்று தைத்த மயில் ஜாக்கெட் ஒன்றை இப்படித் தேய்த்துவிட்டு, "நாளு பூராப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கப்போற புள்ள பாவம்ங்கண்ணா" என்று மயிலின் தோகையில் பாதியைக் கழித்துக் கட்டினாள். கல்யாண வீட்டுக்காரரிடம் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எதற்கு இவ்வளவு பாடு என்று தோன்றும். அலைச்சலில் பாதி அவளாக இழுத்துப்போட்டுக்கொள்வது. பள்ளிக்கூட பேட்ஜ் என்றால் பள்ளிக்கூடத்துக்கே போய் வாசல் வளைவைப் பார்ப்பாள். வளைவில் இருக்கிற சின்ன எழுத்தெல்லாம் சட்டைப் பையளவில் தைத்தால் நசுங்கின எறும்புபோல வரும் என்று தலைமையாசிரியரிடம் வாதாடுவாள். அரை நாள் போய்விடும். திரும்பி வந்து மறுபடியும் சுவரில் சாய்ந்து பத்து நிமிஷம்.

அப்படி ஒரு நாள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவள், தூங்குகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது பேசினாள். கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் திருப்பூரில் ஒரு எம்பிராய்டரி கம்பெனியில் பஞ்சிங் வேலை பார்த்தாளாம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பெண் குழந்தைக்கு அப்போது நாலு வயது.

"வாரத்துல ரெண்டு நாளு இங்க வேல இருந்தாப் போதுங்கண்ணா. பாப்பாவ உட்டுட்டு மறுக்கா திருப்பூருக்குப் போகாம இருந்துக்குவேன்."

நான் "ம்" என்றேன். அதை வேண்டுகோளாகத்தான் சொன்னாள் என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் "ம்" என்றேன்.

அந்த வருஷக் கடைசியில் சேலத்திலிருந்து மிஷின் விற்பனைக்காரர் வந்து சாஃப்ட்வேரைப் புதுசாக மாற்றிப்போட்டார். பழைய ஆட்டோ மாதிரி இல்லை சார், இது துணி பேரைச் சொன்னாலே புரிந்துகொள்ளும் என்றார். ஒரு செம்பருத்திப் படத்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். நன்றாகவே வந்தது. பொய் சொல்லக்கூடாது, பூவுக்கும் கொடிக்கும் அந்தப் பொத்தான் போதும், இன்றைக்கும் நான் அதைத்தான் அமுக்குகிறேன். கடைக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி பூவும் கொடியும்தான்.

அம்மிணிக்குப் போன் போட்டேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லை.

"கொஞ்ச நாளைக்கு வேல கம்மி அம்மிணி. இருந்தாக் கூப்புடறேன்."

"புதுசு போட்டுட்டீங்களாங்கண்ணா?"

யார் சொன்னார்களோ தெரியாது. நான் இருமினேன்.

"சரிங்கண்ணா" என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "பனியன் துணிக்கு மட்டும் அத நம்பாதீங்க. ஒரு தடவ பழைய துணியில ஓட்டிப் பாத்துக்கங்க."

அவளைத் துரத்திவிட்டவனுக்கு அவள் சொன்ன யோசனை அது. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து பஸ் கண்டக்டர் பேச்சுவாக்கில், அந்த எலுமிச்சம்பழப் பொண்ணு மறுபடியும் திருப்பூருக்கே போய்விட்டது, அங்கேயே ஹாஸ்டலில் தங்கி வேலை என்றார். குழந்தை நாத்தனாரிடம் இருக்கிறதாம். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. நிறைய ஜாக்கெட் வேலை இருந்தது, அவளை மறந்தும் போனேன்.

பிறகுதான் திரைச்சீலை வந்தது.

எங்கள் மலையிலேயே குண்டனி நாடு என்கிற பகுதியில் ஓர் ஊர். அங்கே ஊர்ச்சாமிக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் திருவிழா, நோம்பி என்போம். பூசை நேரத்தில் சாமிக்கு முன்னால் இழுத்துவிடுகிற சிவப்புத் திரை நைந்துபோய்விட்டது, புதுசாக வேண்டும், அதில் சாமி உருவம் தைத்துத் தர வேண்டும் என்று ஊர்க்கவுண்டர் வந்தார். எனக்கு அவர் தூரத்து மாமன் முறை. கோயில் பின்சுவரில் சாமி வேட்டைக்குப் போகிற படம் எழுதியிருக்கிறது. கையில் ஈட்டி, காலடியில் நாய். அதைப் போனில் படம் எடுத்து வந்திருந்தார்.

"ஒருக்கா வந்து பாத்துக்கறயா?" என்றும் கேட்டார்.

"எதுக்குங்க மாமா, படந்தான் தெளிவா இருக்குதே" என்றேன்.

பொத்தானை அமுக்கினேன். கம்ப்யூட்டரில் சாமி முழுசாக வந்தார். புருவத்தில் ஆரம்பித்து, மூக்கை ஒட்டி, தாடைவரை ஒரு கோடு இருந்தது. வேட்டைக்காரச் சாமி அல்லவா, புலி கீறின தழும்பாக இருக்கும், அதற்கு ஏதோ கதை இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கதை பெரிசாக இருக்கும் என்று நினைத்து அந்தக் கோட்டுக்கு மட்டும் நல்ல பளபளப்பான காப்பிக்கொட்டை நிற நூலாகப் பார்த்துப் போட்டேன். சாமியின் தழும்பு நன்றாகத் தெரிய வேண்டுமே.

ஜீப் பிடித்து நானே கொண்டுபோனேன். கோயில் முன்னால் நாலு பேர் சேர்ந்து திரையை விரித்தார்கள். முதலில் ஆகா என்று ஒரு சத்தம். பிறகு எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். ஓர் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊர்க்கவுண்டர் என் கையைப் பிடித்துப் பின்சுவருக்கு இழுத்துப்போனார். அங்கே சுவர் வெடித்திருந்தது. புருவத்திலிருந்து தாடைவரை, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு.

"போன மழையில வெடிச்சதுங் கண்ணு இது. அடைக்கலாமான்னு மூணு தடவ பூப்போட்டுக் கேட்டுட்டோம். வெள்ளப்பூ வந்தாத்தான் சம்மதம். மூணு தடவயும் செவப்பேதான் வந்துச்சு. எங்க மேல சாமிக்கு என்ன கோவமோன்னு ஊரே கெடந்து தவிக்குது. நீ அந்த வெடிப்ப நூலுல தெச்சுக் கொண்டாந்துட்டயே."

நான் இந்த மலையிலேயே பிறந்தவன். பூப்போட்டுக் கேட்காமல் எங்கள் சனங்கள் கோயில் விஷயத்தில் ஒரு கல்லை நகர்த்த மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு எட்டுப் போய்ப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் விளங்கியிருக்கும். எனக்கு அப்போது வந்த வெட்கத்தை இப்போதும் சொல்ல வரவில்லை. நோம்பிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

வெடிப்பை மட்டும் எடுத்துவிட்டு மறுபடியும் தைத்துத் தருகிறேன் என்றேன். ஊர்க்கவுண்டர் தலையை ஆட்டினார். சாமி உத்தரவு கொடுக்காமல் வெடிப்பில்லாத முகத்தைத் தைத்தால் அதுவும் அடைத்த மாதிரிதானே என்றார். வெடிப்போடு தைத்தாலும் குற்றம், இல்லாமல் தைத்தாலும் குற்றம். பழைய திரையையே கட்டிக்கொள்கிறோம், நீ போ கண்ணு என்றார். கண்ணு என்றதில்தான் எனக்குக் கண் கலங்கியது.

மறுநாள் அம்மிணிக்குப் போன் போட்டேன். பின்னால் மிஷின்கள் ஓடுகிற இரைச்சல். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"படம் அனுப்பட்டுமா அம்மிணி?"

"வேண்டாமுங்கண்ணா. ஞாயித்துக்கெழம வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். சனிக்கிழமை வேலை முடிந்து அப்படியே கிளம்பினவள். இளைத்திருந்தாள். இந்த முறை சுவரில் சாயவில்லை. நேராக ஊருக்குப் போகலாம் என்றாள். ஜீப் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். நடுவில் ஒரு தரம் மிளகுக்கொடி ஏறின மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு நடந்தாள்.

கோயில் சுவரை அவள் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். பிறகு சனங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். காலைப் பூசை நேரம். திரையை விலக்கினார்கள், மணி அடித்தது, எல்லாரும் கும்பிட்டார்கள். இவள் ஓரமாகக் கல்லில் உட்கார்ந்து கும்பிடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை முடிந்ததும் அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்ட அம்மாவிடம் போனாள்.

"ஏனுங்கம்மா, கும்புடறப்ப சாமியில எதப் பாப்பீங்க?"

அந்த அம்மா யோசித்தார். "எங்கீங்க சாமி பாக்கறது. அவரு எதுக்க தல நிமுந்து நிக்க முடியுமா? கால்தான் பாப்போம். அப்பறம் அந்த நாயி. எங்கூட்டுப் புள்ளைக அந்த நாயத்தான் கும்புடுதுக."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆமாங்க, கால்தான், கால்தான் என்றார்கள். அம்மிணி சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

கடைக்குத் திரும்பி உட்கார்ந்தவள் சாயங்காலம்வரை எழவில்லை. கால் இரண்டு, கெண்டைக்காலில் வேட்டி மடிப்பு, ஊன்றின ஈட்டியின் அடிப்பாகம், பக்கத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நாய். இடுப்புக்கு மேலே ஒரு குத்துகூட இல்லை. வெறும் சிவப்புத் துணி திரை மாட்டுகிற கம்பிவரைக்கும் போனது. வெடிப்பை அவள் தைக்கவும் இல்லை, அடைக்கவும் இல்லை. முகம் எங்கே என்று கேட்கத் தோன்றாதபடி அந்தக் கால்கள் நின்றன.

நடுவில் அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கவிழ்த்து வைத்திருந்தாள். நாலைந்து தரம் அடித்த பிறகு ஒரு தரம் எடுத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "ஆமாஞ் சாமி. மேலதான் இருக்கறேன். வேல ஆவுது. அழுவக்கூடாது" என்றாள். வைத்துவிட்டு மறுபடியும் நாயின் வாலுக்குப் போய்விட்டாள். நான் அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. வேலை முடிந்தால் போதும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்கால பஸ் வந்துவிட்டது. பழைய துணியில் ஒரு தரம் ஓட்டிப் பார்த்து, தன் முழங்கையில் தேய்த்துப் பார்த்து, சரி என்றாள். கூலி கொடுத்தேன், எண்ணாமல் பையில் வைத்தாள். காலையில் திருப்பூரில் டியூட்டி, இப்போதே போனால்தான் சரியாக இருக்கும் என்று ஓடினாள். பஸ் நகர்ந்த பிறகுதான், இனிமேல் வாரத்தில் இரண்டு நாள் வா அம்மிணி என்று சொல்ல இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

திரையைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரித்துக் காட்டிப் பூப்போட்டுக் கேட்டார்கள். வெள்ளைப்பூ வந்தது. ஊர்க்கவுண்டர் திரையில் இருந்த காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நோம்பி நன்றாக நடந்தது.

நோம்பி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஊரார் கொடுத்துவிட்ட தேங்காய், பழம், சாமிக்குச் சாத்தின ஒரு முழம் பூ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முள்ளுக்குறிச்சிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டுக்கு வந்திருப்பாள், வேலைக்கு வரச்சொல்வதையும் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று கணக்கு. விசாரித்துக்கொண்டு போனேன். நாத்தனார் வெளியே வந்தார்.

"அவ இல்லீங்களே. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழமதானுங்க லீவு. போன லீவுக்கு வருவான்னு காத்திருந்தோம். ஏதோ கோயில் வேலன்னு அன்னைக்கும் மலைக்குப் போயிட்டாளாமே. இனி அடுத்த மாசந்தான்."

அவள் அன்றைக்கு வந்த முதல் பஸ் முள்ளுக்குறிச்சி வழியாகத்தான் ஏறி வரும். கீழே போன சாயங்கால பஸ்ஸும் அதே வழி, இரண்டு தரமும் அவள் இங்கே இறங்கவில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்தேன். நாத்தனார் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனார்.

அப்போது அந்தக் குழந்தை வாசலுக்கு வந்தது. இரட்டைச் சடை, துவைத்து வெளுத்த பச்சைக் கவுன். அங்கிருந்து பார்த்தால் மலை நேர் எதிரே நிற்கிறது, மேலே மேகம் உட்கார்ந்திருந்தது. குழந்தை என்னையும் தேங்காயையும் மாறி மாறிப் பார்த்தது.

"நீங்கதான் மலக்கட மாமாவா?"

"ஆமாங் கண்ணு."

"எங்கம்மா அங்கதான வேல செய்யறாங்க. நான் தெனமும் இங்கிருந்து பாப்பேன்" என்று மலையைக் காட்டியது. திருப்பூர் என்ற பேச்சே அதற்குத் தெரியாது. அம்மா மேலே என் கடையில்தான் இத்தனை மாதமும் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அம்மா இருக்கிறாள் என்றால் பிள்ளை அழாது என்று அவள் நினைத்திருப்பாள்.

குழந்தை என் பக்கத்தில் வந்து, நான் கோபித்துக்கொள்வேனோ என்கிற மாதிரி மெதுவாகக் கேட்டது.

"எங்கம்மாவ எப்பங்க மாமா கீழ உடுவீங்க?"

நாத்தனார் தண்ணீர்ச் செம்போடு கதவருகே நின்றுவிட்டார். சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணைக் காட்டினார்.

"அடுத்த வாரம் உட்டர்றேஞ் சாமி" என்றேன்.